மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மகளுக்கு

வாணியம்பாடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சௌமியாவுக்கு,

சுற்றுச்சூழல் மேற்படிப்பு விண்ணப்பத்துக்காக நீ அனுப்பிய நோக்கக் கட்டுரையை நேற்றிரவு படித்தேன். இன்று காலைச் சமையலை முடித்துவிட்டு மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாவும் படித்தார். ஆங்கிலம் நன்றாக வந்திருக்கிறது என்றார். நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதில் உன்னைக் காணோம்.

முதல் பத்தி முழுவதும் பூமி சூடாகிறது, பனிப்பாறை உருகுகிறது, 2015-இல் பாரிஸில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன என்று போகிறது. இதையெல்லாம் அந்த விண்ணப்பத்தைப் படிக்கப்போகும் பேராசிரியர்களுக்கு நீ சொல்லித் தர வேண்டுமா? அதற்கடுத்து, சிறு வயதிலிருந்தே இயற்கையின்மேல் உனக்குத் தீராத காதல் என்று எழுதியிருக்கிறாய். சிறு வயதில் உனக்குப் பிடித்தது கணக்கு. தப்பாக வந்த கூட்டுத்தொகை எங்கே தப்பியது என்று கண்டுபிடிக்கும்வரை சாப்பிட வரமாட்டாய். அதை ஏன் மறைக்கிறாய்? இந்தப் படிப்புக்கு அந்தப் பிடிவாதம்தான் வேண்டும்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் வாரியமான செபி கட்டாயமாக்கியது. அந்த அறிக்கைகளைத் தயாரிக்கிற வேலை உனக்கு. ஆலையிலிருந்து ஓர் எக்செல் தாள் வரும். எடுத்த நீர் இத்தனை கிலோலிட்டர், வெளியேற்றிய நீர் இத்தனை கிலோலிட்டர். எந்தக் கிணற்றில் எடுத்தார்கள், யார் அளந்தார்கள், மீட்டர் ஓடியதா என்று எதுவும் தெரியாது. கட்டத்தில் நிரப்பி அனுப்பிவிடுவேன் என்றாய். "அந்த எண்ணுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை அம்மா" என்றாய். உன் கட்டுரை அங்கிருந்து தொடங்கட்டும். நான்கு ஆண்டு வேலையில் உனக்குக் கிடைத்த உண்மையான கேள்வி அது. அதை வைத்துக்கொண்டு பனிப்பாறைக்கு ஏன் போகிறாய்?

குடிநீர் வாரிய ஆய்வகத்தில் என் வேலைக்காலம் முழுவதும் நான் செய்தது எண்களுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரைப் பார்க்கிற வேலைதான். கடினத்தன்மை பார்ப்பதற்குக் கூம்புக் குடுவையில் மாதிரியை எடுத்து, நிறங்காட்டியைச் சேர்த்தால் கருஞ்சிவப்பாக மாறும். பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். கடைசிச் சொட்டில் நீலமாகிவிடும். நல்ல தண்ணீர் என்றால் சில மில்லியிலேயே நீலம் வந்துவிடும். பாலாற்றங்கரைக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீருக்குப் பியூரெட் காலியாகிக்கொண்டே போகும், நிறம் மாறாது. மாதிரியை நீர்த்துப்போகச் செய்து மறுபடியும் தொடங்குவோம். பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்த ஊர்ப் பெண்மணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருந்தால் ஏற்கத்தக்கது; வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதையும் தாண்டிய தாளை அவர் கையில் கொடுக்கும்போது, "அப்போ எந்தக் கிணத்துல எடுக்கிறதும்மா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் படிவத்தில் இடம் கிடையாது. இன்று காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு காவிரியைக் குடிக்கிறோம்.

இந்தத் தண்ணீரைக் கெடுத்தது நம் பக்கத்துத் தோல் ஆலைகளின் கழிவுநீர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் தோல் பதனிடுதல் என்றால் குரோமியத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலைக்குப் பக்கத்தில் குவிந்த குரோமியக் கழிவைப் பார்த்தால் கேட்கத்தான் தோன்றும். ஆனால் நம் பக்கத்துக் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவி அனுப்புகிறார்கள். தோலை ஊறவைக்கும் முதல் தொட்டியிலேயே அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் குரோமியத்தை எடுக்கும், அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களை விடும், நாற்றத்தைக் குறைக்கும்; உப்பு மட்டும் கரைந்தபடியே வெளியே போகும். அதைத் தடுக்கத்தான் சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற விதி வந்தது. எதிர்ச்சவ்வூடு பரவலில், அதாவது ஆர்.ஓ. முறையில், நல்ல தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கிகளில் சுண்ட வைத்து உப்பாக்குகிறார்கள்.

நீ இதைக் கவனிக்க வேண்டும். உன் அறிக்கையில் அப்படிப்பட்ட ஆலைக்கு வெளியேற்றிய நீர் என்ற கட்டத்தில் பூஜ்யம் வரும். பூஜ்யம் உண்மைதான். ஆனால் சுண்ட வைக்க எரித்த எரிபொருள் இன்னொரு கட்டத்தில் இருக்கிறது. கடைசியில் மிஞ்சிய கலப்பு உப்பு கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கலப்பு என்பதால் வாங்க ஆளில்லை. வெட்டவெளியில் போட்டால் முதல் மழையில் மறுபடியும் நிலத்துக்குள் போய்விடும். ஆற்றைக் காப்பாற்ற எவ்வளவு கரியைக் காற்றில் விடலாம்? அந்த உப்பை எங்கே கொண்டுபோவது? தோலுக்கு உப்பே தடவாமல் அனுப்ப முடியுமா? அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலமாக இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். கட்டுரையை முடிப்பதற்குமுன் ஒருநாள் அங்கே போய் யாரிடமாவது பேசிவிட்டு வா. வேதிப் பொறியியல் படித்து, நிறுவனங்களின் கணக்கையும் பார்த்து, இந்த ஊரிலேயே வளர்ந்த பெண் இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதும், அறிவியல் முடிவு முழுதாக வரும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் அழுத்தமாகச் சொன்னது. பாலாற்றுப் படுகையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக அதில் பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் வேலூரின் பெயரைப் படிக்காமல் தாண்ட முடியாது. உன் கட்டுரையில் இதற்கு ஒரு வாக்கியம் போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தோல் ஆலைக்காரர்களை வில்லன்களாக்கி எழுதாதே. உன் சித்தி காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனி வேனில் ஏறித்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தாள். ஆம்பூரில் ஆலை நின்றால் எந்தெந்தத் தெருவில் அடுப்பு எரியாது என்று உனக்குத் தெரியும். அந்தச் சிக்கலை அப்படியே எழுது. ஆலையும் வேண்டும், கிணறும் வேண்டும் என்று சொல்கிற ஊரிலிருந்து வருகிறேன் என்று எழுதினால் அது பொய்யாகாது.

இனி பல்கலைக்கழகங்கள். நீ கொடுத்த பட்டியலில் யேல் இருக்கிறது. அதன் சுற்றுச்சூழல் பள்ளி 1900-இல் வனவியல் பள்ளியாகத் தொடங்கியது, பெரிய பெயர், சரி. அங்கே உன் கேள்வியோடு யார் வேலை செய்கிறார்கள் என்று ஒரு வரி எழுதிக் காட்டு. எழுத முடிந்தால் இருக்கட்டும், முடியாவிட்டால் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்து. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் அறிவியலையும் சமூகத்தையும் சேர்த்துப் படிக்க வைக்கிறது; ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 2011 முதல் அங்கே கட்டணம் உண்டு என்பதை மறக்காதே. நெதர்லாந்தின் டெல்ஃப்டில் உள்ள ஐ.எச்.இ. தண்ணீருக்கென்றே இருக்கிற இடம். நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து படிப்பாய். அதை நீ கடைசியில் எழுதியிருக்கிறாய். நான் மேலே ஏற்றுவேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம். பெயருக்காகச் சொல்லவில்லை. அங்கே மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, வெளியே உள்ள ஓர் அமைப்புக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற ஒரு திட்டத்தைச் செய்து கொடுக்க வழி இருக்கிறது. சுற்றுச்சூழல் கேடு யார் தலையில் விழுகிறது என்ற ஆய்வுக்கும் அது பழைய இடம். பன்யன் பிரையன்டும் பால் மொஹாயும் 1990-இல் அதற்காகவே அங்கே ஒரு மாநாடு கூட்டினார்கள். இன்னொரு காரணம், அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஃப்ளின்ட் நகரம்.

ஃப்ளின்ட் பற்றி நீ படித்திருப்பாய். என் கண்ணால் ஒருமுறை பார். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கிறோம் என்று ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். அந்த ஆற்றில் குளோரைடு அதிகம். அப்படிப்பட்ட தண்ணீர் குழாயை அரிக்கும். அரிக்காமல் இருக்கப் பாஸ்பேட் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் வீட்டுக் குழாய்க்கு வந்தது. அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று வேறு தண்ணீருக்கு மாறிவிட்டது. இரும்புக்கு ஆகாது என்று தெரிந்த தண்ணீரை அதற்குப் பிறகும் ஓராண்டு குழந்தைகள் குடித்தார்கள். எனக்கு இது படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. குளோரைடு பார்ப்பது ஆய்வகத்தில் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கிற சோதனை. வெள்ளி நைட்ரேட்டை விட்டால் மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான்.

கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்ததும் மாதிரி எடுத்தவர்கள்தான். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து ஏறத்தாழ 300 பாட்டில் பெட்டிகள் வந்தன. ஊர்க்காரர்கள் தாங்களே தண்ணீர் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். குழாயைத் திறந்து ஓடவிட்டுப் பிடித்தால் ஈயம் குறைவாகக் காட்டும். மாதிரி எடுக்கும் முறையிலேயே உண்மையை மறைக்க முடியும். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா 2015 செப்டம்பரில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார். முதலில் அதிகாரிகள் அவரை மறுத்தார்கள். அடுத்த மாதமே பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள். எக்செல் தாளை நிரப்பும் உனக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு பாடம் கிடைக்குமா?

பரிந்துரைக் கடிதத்துக்கு உன் நிறுவனத்தின் பெரிய பதவிக்காரரைக் கேட்பதாகச் சொன்னாய். அவருக்கு உன் வேலையே தெரியாது. கடைசி ஆண்டு புராஜெக்டில் உன்னோடு நின்று வேலை பார்த்த பேராசிரியரைக் கேள். தினமும் உன் தாள்களைச் சரிபார்க்கிற மேலாளரைக் கேள். இன்னின்ன வேலை செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடு. ஒரு மாதமாவது அவகாசம் கொடு.

பணத்தைப் பற்றி. அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்கு முழுநேர வேலை அனுபவம் மூன்று ஆண்டுகள் வேண்டும். உனக்கு இருக்கிறது, சுற்றுச்சூழலும் அதன் துறைகளில் ஒன்று. படித்துவிட்டு நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. உனக்கு அது பாரமா என்று யோசித்து முடிவு செய். எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. ஜே.என். டாடா அறக்கட்டளை 1892-இலிருந்து கடன் உதவித்தொகை தருகிறது, அதற்கும் எழுது. வங்கியில் பெரிய தொகை கேட்டால் அடமானம் கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்தை வைப்பது பற்றி அப்பாவும் நானும் பேசி முடித்துவிட்டோம்; நீ அதில் தயங்க வேண்டாம். ஆனால் எந்த உதவித்தொகையும் இல்லாமல் வெறும் பெயருக்காக ஓரிடத்தில் சேர நான் சம்மதிக்க மாட்டேன். அப்படியென்றால் ஓராண்டு கழித்து மறுபடியும் விண்ணப்பிக்கலாம். வயது ஒன்றும் ஓடிவிடவில்லை.

அத்தையும் மற்றவர்களும் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை என்னிடம் விட்டுவிடு.

அடுத்த வரைவைப் புதன்கிழமைக்குள் அனுப்பு. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, வெட்டுவது எளிது. மதிப்பெண் பட்டியல் பிரதிகளுக்குப் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கொடுக்க அப்பா சென்னைக்குப் போகிறேன் என்கிறார். எந்த ஊருக்கு எத்தனை உறை வேண்டும், சீல் வைத்துத் தர வேண்டுமா, நேராக இணையத்தில் அனுப்ப வேண்டுமா என்று தெளிவாக எழுதிவிடு. அவர் கவுன்டரில் நின்றுகொண்டு உனக்குப் போன் செய்தால் நீ மீட்டிங்கில் இருப்பாய்.

அன்புடன்,
அம்மா