ஜன்னலுக்கு ஒரு பிரஷ்: நண்பனுக்குக் கடிதம்

தூத்துக்குடி
20.12.2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. வீட்டில் அனைவரும் நலம் என்பதும், பேத்தி அரையாண்டுத் தேர்வை நன்றாக எழுதியிருக்கிறாள் என்பதும் மகிழ்ச்சி தந்தன. இங்கும் நலமே, என் முழங்கால் மட்டும் மழை மேகத்தைக் கண்டாலே முனகத் தொடங்கிவிடுகிறது.

நான்கு பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கங்களை நீ ஜன்னல் பிரஷ்ஷுக்கு ஒதுக்கியிருந்ததைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொங்கலுக்கு முன் வீட்டைத் துடைத்தாக வேண்டும், கடைக்குப் போனால் ஒரு சுவர் நிறையப் பிரஷ்கள் தொங்குகின்றன, பாதிக்கு மேற்பட்டவற்றின் அட்டையில் ‘ஆல் பர்ப்பஸ்’, அதாவது எல்லா வேலைக்கும் ஏற்றது, என்று அச்சிட்டிருக்கிறது, எதை எடுப்பதென்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினேன் என்று எழுதியிருந்தாய். பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், அதற்கும் மேலாகத் பனைநார்த் தும்புக் கிட்டங்கியில் கணக்கெழுதியவரின் மகன் என்ற இரண்டு தகுதிகளோடு இதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஜன்னல் பிரஷ் என்றதும் நீ கண்ணாடியைத்தான் நினைக்கிறாய். தவறு அங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடிக்குப் பிரஷ் பெரும்பாலும் தேவையே இல்லை. ஈரத்துணியும், ரப்பர் விளிம்பு வைத்த வைப்பரும் போதும். பிரஷ் வேண்டியிருப்பது கண்ணாடியைச் சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றுக்கும்: கம்பிகளின் இடுக்கு, சட்டத்தின் மூலை, கொசுவலை, எல்லாவற்றுக்கும் மேலாக, தள்ளும் கதவு ஓடுகிற அந்தக் கீழ்ப் பள்ளம். ஆகவே கண்ணாடியை மனத்தில் வைத்துப் பிரஷ் வாங்காதே. பள்ளத்தை மனத்தில் வைத்து வாங்கு. பள்ளத்துக்குள் நுழைகிற பிரஷ் கம்பிக்கும் மூலைக்கும் தானாகவே பொருந்தும். உள்ளங்கை அகலமுள்ள பிரஷ் கண்ணாடியில் நன்றாக ஓடும், பள்ளத்தின் வாசலிலேயே நின்றுவிடும்.

அந்தப் பள்ளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நவம்பர் மழையில் படுக்கையறை ஜன்னல் வழியே தண்ணீர் உள்ளே வழிந்தது, ஆள் வந்து சுற்றிலும் சிலிக்கோன் பசை பூசிவிட்டுப் போன பிறகும் நிற்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தாயே, நினைவிருக்கிறதா? அலுமினியமானாலும் யுபிவிசி பிளாஸ்டிக்கானாலும், தள்ளும் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். மழையில் பள்ளத்துக்குள் தண்ணீர் வருவது இயல்பு. அது அந்தத் துளைகளின் வழியாக வெளியே வடிந்துவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. தூசியும் செத்த பூச்சிகளும் சேர்ந்து குழைந்து துளையை அடைத்துவிட்டால், பள்ளம் நிரம்பித் தண்ணீர் அறைக்குள் இறங்கும். அப்போது சுற்றிலும் எவ்வளவு பூசினாலும் பயனில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைப் பள்ளத்தில் மெதுவாக ஊற்றிப் பார். வெளியே வடியாமல் தேங்கி நின்றால், உனக்கு வேண்டியது பூச்சுக்காரர் அல்ல, பிரஷ்தான்.

இனி இழையைப் பற்றி. என் தந்தை வேலை பார்த்த கிட்டங்கியில், பனைமட்டையின் அடிப்பகுதியிலிருந்து எடுத்த தும்பைச் சீவி, தரம் பிரித்து, நீளம் பார்த்து வெட்டி, கட்டுக்கட்டாகக் கப்பலேற்றுவார்கள். வெளிநாடுகளில் அது தெருக் கூட்டும் துடைப்பமாகவும் தரை தேய்க்கும் பிரஷ்ஷாகவும் மாறியது. பள்ளி விட்டு நாம் இருவரும் அந்தக் கிட்டங்கி நிழலில் உட்கார்ந்து, சட்டையெல்லாம் தும்புத் தூசியோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறோம். அந்தப் பாசத்தால் எனக்குப் பனந்தும்பின் மேல் எப்போதும் ஒரு சாய்வு உண்டு. ஆனாலும் ஜன்னலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது விறைப்பு மிகுந்தது. சிமெண்டுத் தரைக்கு நல்லது, கொசுவலையைக் குத்தி இழுத்துவிடும். தேங்காய் நாரும் அப்படித்தான். புதிய நார்ப் பிரஷ் ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, இறங்கிய பழுப்புச் சாற்றோடு வெள்ளைச் சட்டத்தைத் தேய்த்து நான் பட்ட பாடு போதும். கறையைப் போக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

செயற்கை இழைகளில் கடையில் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு: நைலான், பாலிப்ரொப்பிலீன். பின்னது விலை குறைவு, தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆனால் ஒருமுறை வளைந்தால் வளைந்தபடியே கிடக்கும். இரண்டு மாதத்தில் நாலாபக்கமும் விரிந்து கிடக்கிற மலிவுப் பிரஷ்களை நீயும் பார்த்திருப்பாய். நைலான் வளைந்தாலும் நிமிர்ந்துவிடும். 1938-இல் அமெரிக்காவில் பன்றிமயிருக்குப் பதிலாகப் பல் துலக்கும் பிரஷ்ஷில் நைலான் இழை வந்தது. இன்றுவரை அது அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நைலானுக்கு ஒரு குறை சொல்வார்கள்: தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நெகிழ்ந்துவிடும் என்று. நம் வேலைக்கு அந்தக் குறையே வசதி. காய்ந்த நிலையில் விறைப்பாக இருந்து பள்ளத்துத் தூசியைக் கிளறும். ஊறிய பின் நெகிழ்ந்து கொசுவலையிலும் கண்ணாடியிலும் பதமாக ஓடும். ‘ஆல் பர்ப்பஸ்’ என்ற சொல்லுக்கு ஏதேனும் பொருள் இருக்குமானால், அது இதுதான்.

அட்டையில் ‘மென்மை’, ‘கடினம்’ என்று போட்டிருப்பதை நம்பாதே. ஒரே பொருளால் ஆன இழையில் தடிமன் இரு மடங்கானால் விறைப்பு 16 மடங்காகும். நீளம் பாதியானால் 8 மடங்காகும். வகுப்பறைப் பாடம்தான், ஆனால் கடையில் நின்று பார்க்கும்போது உதவும்: ஒரே இழை, குட்டையாக வெட்டியிருந்தால் முரடாகவும், நீளமாக விட்டிருந்தால் தொளதொளவென்றும் இருக்கும். இரண்டரை சென்டிமீட்டர் அளவு நீளம் எனக்குப் போதுமானதாகப் படுகிறது. புறங்கையில் அழுத்தி இழுத்துப் பார். வெள்ளைக் கோடு விழுந்தால் அது வலைக்கு ஆகாது. ஒரு கொத்தை விரலால் பிடித்து லேசாக இழு. இழை கையோடு வந்தால் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடு. பிரஷ், பஞ்சு, ரப்பர் மூன்றையும் ஒரே பிடியில் மாட்டிய சாமான் ஒன்றும் அங்கே தொங்கும். நான் வாங்கி ஏமாந்தவன்; மூன்றுமே அரைகுறை.

கண்ணாடியில் கீறல் விழும் என்று உன் துணைவியார் அஞ்சுவதாக எழுதியிருந்தாய். அவர் அச்சம் நியாயமானது, ஆனால் குற்றவாளி இழை அல்ல. எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் அளவுகோலில் கண்ணாடியின் கடினம் ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 7; நைலான் இரண்டுக்கும் வெகு கீழே. தூசியோடு சேர்த்துக் காய்ந்தபடியே தேய்த்தால், பிரஷ் வெறும் கைதான், கீறுவது மணல். முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டால் பயமில்லை. பள்ளத்துக்கு மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்: முதலில் காய்ந்த பிரஷ்ஷால் கிளறி அள்ளிவிடு, பிறகு தண்ணீர். ஈரம் முதலில் பட்டால் எல்லாம் சேறாகிவிடும். கண்ணாடியில் வெயில் தடுப்புத் தாள் ஒட்டியிருந்தால், அந்தப் பக்கம் பிரஷ்ஷே வேண்டாம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்து விட்டுப்போகும் வெள்ளைப் புள்ளிகளுக்கு எந்தப் பிரஷ்ஷும் தீர்வில்லை. அது சுண்ணாம்பு உப்பு. வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ துணியில் நனைத்துச் சிறிது நேரம் ஒட்டிவைத்தால் கரையும். கீழே மார்பிள் திண்டு இருந்தால் அதன்மேல் சொட்டாமல் பார்த்துக்கொள், அதையும் அரித்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நீ இருப்பது மூன்றாவது மாடி, நமக்கு வயது அறுபத்தெட்டு. வெளிப்பக்கம் துடைக்கிறேன் என்று திண்டின்மேல் ஏறி நிற்காதே. கை எட்டாத கண்ணாடி அழுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும், அல்லது ஆள் வைத்துக்கொள்.

பொங்கல் கழிந்து நீ இங்கே வருவதாக இருக்கிறாய் அல்லவா? அதற்கு முன் உன் ஜன்னல் பள்ளத்தின் உள் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து எனக்கு எழுது; இரண்டு தடங்கள் இருந்தால் இரண்டையும் அளந்துகொள். எங்கள் தெருமுனைப் பாத்திரக் கடையில் ஒல்லியான தலையும் நீண்ட பிடியும் கொண்ட நைலான் பிரஷ் வைத்திருக்கிறார்கள். நுழையுமா என்று பார்த்து, நுழைந்தால் இரண்டு வாங்கி வைக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அந்த வேலையை உண்மையில் செய்யப்போகிற உன் துணைவியாருக்கு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்