நாட்டு மீன் சரி, எந்த ஆத்து மீன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நீங்க போட்டிருந்த போட்டோவைப் பார்த்தேன், பாலிதீன் பையிலேர்ந்து மீன் குஞ்சுகளை காவிரில கொட்டுறாங்க, சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் சிரிக்கிறாங்க, கீழ 'நாட்டு மீன்களைக் காக்கும் முயற்சி'ன்னு ஒரு வரி. நல்ல மனசோடதான் செய்றாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அது என்ன மீன், எந்த ஆத்துல பிடிச்ச தாய்மீனோட குஞ்சுன்னு செய்தி முழுக்கத் தேடினேன், ஒரு வார்த்தை கூட இல்லைங்க.

இதைக் கேட்டா சின்ன விஷயத்தைப் போய் நோண்டுறான்னு நினைப்பீங்க. கட்லா, ரோகு, மிர்கால் மூணையும் நாம நாட்டு மீன்னுதான் சொல்றோம், ஆனா அதெல்லாம் கங்கைப் பக்கத்து மீன், இங்க கொண்டுவந்து விட்டதுதான். காவிரிக்குன்னு வெண்கெண்டை, சேல்கெண்டைன்னு தனியா இருக்கு. இதுல வெண்கெண்டையும் கங்கை மிர்காலும் ஒரே இனமா வேற வேறயான்னு ஆராய்ச்சி பண்றவங்களே ரொம்ப நாள் குழம்பியிருக்காங்கன்னா பாத்துக்கோங்க, கண்ணால பாத்து முடிவு பண்ற விஷயமே இல்ல இது.

பறவை மலையைத் தாண்டிப் பறந்துடும். ஆத்து மீன் எங்க போகும்? ஒரு ஆத்துக்கும் அடுத்த ஆத்துக்கும் நடுவுல மேடு, இந்தப் பக்கம் கடல், உப்புத் தண்ணி பெரும்பாலான கெண்டைகளுக்கு ஆகாது. அதனால ஒவ்வொரு ஆறும் ஒரு தீவு மாதிரி ஆயிடுது, உள்ள இருக்கிற மீன் லட்சக்கணக்கான வருஷமா தனக்குள்ளயே பெருகி, அந்தத் தண்ணியோட வேகம், சூடு, வெள்ளம் வர்ற மாசம் எல்லாத்துக்கும் ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மாறிடுது, வெளியில பாத்தா மட்டும் பக்கத்து ஆத்து மீன் மாதிரியே இருக்கும்.

கேரளாவுல வீட்டுக் கிணத்துல மோட்டார் போட்டா சில சமயம் தண்ணியோட விரல் நீளம் கூட இல்லாத, கண்ணே இல்லாத சிவப்புக் கெளுத்தி ஒண்ணு வரும், ஹோராக்ளானிஸ்னு பேரு. பூமிக்கு அடியில வாழுறது. ஜனங்க பிடிச்சுக் கொடுத்த மீனையெல்லாம் வச்சு டிஎன்ஏ பாத்தாங்க, பாத்தா எல்லாம் ஒரே அச்சு, ஆனா ஜீன்ல வேற வேற இனம். 2023ல அதுல ஒண்ணுக்கு பேரு வைக்கும்போது ஜனங்களோட நினைவா 'பாப்புலி'ன்னே வச்சுட்டாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. அதே கேரளாவுல 2018 வெள்ளத்துக்கப்புறம் வயல்ல கிடைச்ச ஒரு மீனை, விராலுக்கு ஏதோ உறவுன்னு முதல்ல நினைச்சாங்க, 2020ல அதுக்குத் தனிக் குடும்பமே கொடுக்க வேண்டியதாப் போச்சு, விரால் வம்சத்துலேர்ந்து பிரிஞ்சு பத்து கோடி வருஷத்துக்கு மேல ஆகுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. பத்து கோடி! டைனோசர் இருந்த காலம்.

இப்ப நம்ம காவிரிக்கே வர்றேன், வயிறு எரியுற கதை இதுதான். கூன் முதுகு மஹ்சீர்னு ஒரு பெரிய கெண்டை வகை, தூண்டில்காரங்க உலகம் பூரா கொண்டாடின மீன், 1946ல 120 பவுண்டுல ஒண்ணு பிடிச்சிருக்காங்க. இவ்ளோ பேரு எடுத்த மீனுக்கு சரியான அறிவியல் பேரே இல்லாம இருந்துச்சு. 2018லதான் டிஎன்ஏயும் உடல் அளவும் ஒத்துப் பாத்து, 2007ல காவிரியோட சேர்ற பாம்பாத்துல கண்டுபிடிச்சுப் பேரு வச்ச 'டோர் ரேமாதேவி'யும் இதுவும் ஒண்ணுதான்னு சொன்னாங்க. அதுக்குள்ள என்ன ஆச்சுன்னா, 1970கள்லேர்ந்து ஹேச்சரில, அதாவது குஞ்சு பொரிக்கிற பண்ணையில வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சை காவிரில விட்டுக்கிட்டே இருந்தாங்க, அது கிருஷ்ணா ஆத்துப் பக்கத்து மீன். மஹ்சீர்தானே, மஹ்சீரைக் காப்பாத்துறோம்னுதான் விட்டாங்க. வந்தது பெருகிடுச்சு, சொந்தக்காரன் குறைஞ்சுட்டான். அதே 2018லதான் கூன் முதுகை அழிவின் விளிம்புல இருக்கிறதா, அழியப்போற உயிரினங்களைக் கணக்கெடுக்கிற உலக சிவப்புப் பட்டியல்ல சேர்த்தாங்க, இப்ப மோயாறு மாதிரி ஒருசில இடத்துலதான் இருக்கு. அணை, மணல், வெடி வச்சு பிடிக்கிறது எல்லாத்துக்கும் இதுல பங்கு உண்டு, நான் மறுக்கல. ஆனா காப்பாத்தறேன்னு போனவங்க கையும் அதுல இருக்குல்ல.

சரி, அதே ஆத்து மீனோட குஞ்சையே விட்டா பிரச்சனை இல்லையான்னா, அங்கயும் கவனம் வேணும். ஒரு பெரிய கெண்டை ஒரே சீசன்ல லட்சக்கணக்குல முட்டை போடும். ஹேச்சரிக்காரர் நாலஞ்சு ஜோடிய வச்சே டேங்க் டேங்கா குஞ்சு எடுத்துடலாம், எண்ணிக்கை பாத்தா கூட்டம், உள்ள பாத்தா எல்லாம் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி. நாளைக்கு ஒரு புது நோய் வந்துச்சுன்னா ஒண்ணுக்கு வர்றது எல்லாத்துக்கும் வரும், தாங்கி நிக்கிற வேற ஜீன் கூட்டத்துல இருக்காது. ஏற்கனவே ஆத்துல இருக்கிறதோட இதுங்க கலந்துடுச்சுன்னா திரும்பப் பிரிக்கவும் முடியாது.

இதைத் தடுக்க பெரிய செலவெல்லாம் வேண்டாங்க. தாய்மீனோட துடுப்புல ஒரு சின்ன ஓரத்தை வெட்டி ஆல்கஹால்ல போட்டு லேபுக்கு அனுப்பினா போதும், மீன் பாட்டுக்கு நீந்திப் போயிடும். சுமார் 650 எழுத்து நீளத்துக்கு ஒரே ஒரு ஜீனைப் படிச்சாலே என்ன இனம்னு பெரும்பாலும் தெரிஞ்சுடும், எந்த ஆத்து வம்சம்னு பாக்க இன்னும் கொஞ்சம் ஜீன் படிக்கணும்.

அதனால உங்க நிருபர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, அடுத்த தடவை குஞ்சு விடுற விழாவுக்குப் போனா எத்தனை லட்சம்னு கேக்குறதோட, எந்த ஆத்துத் தாய்மீன், எத்தனை ஜோடி, டிஎன்ஏ பாத்தீங்களான்னும் கேட்டு பதிலையும் போடட்டும். பதில் இல்லேன்னா, இல்லேன்னே போடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்