பெயரோடு வேலையும் மாற வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'படித்து வேலைக்கு வந்துவிட்டவர்களுக்கு இன்னும் எதற்குச் சாதிச் சான்றிதழ்?' என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கொங்கு வட்டார அரசுப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்களை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்வோம் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் கேட்பது நேற்று தொடங்கியதல்ல. ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா வலியுறுத்தியதையடுத்து 1922-இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது. குடும்பன், பண்ணாடி, காலாடி உள்ளிட்ட ஏழு பிரிவினரை 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரில் கொண்டுவரும் சட்டம் 2021-இல்தான் வந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள், வசவாகப் புழங்கிய சொல்லையே தன் சாதிப் பெயராக வகுப்பில் கேட்டுத் தலைகுனியும் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பெயரோடு வேலையும் மாற வேண்டுமே! துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்கிறோம். பிடிப்பது அதே துடைப்பம். புதிதாக வருகிறவர்களுக்கோ ஒப்பந்தக்காரர் தருவதுதான் சம்பளம். என்னிடம் படித்த அருந்ததியர் மாணவன் ஒருவன், பிளஸ் ஒன் சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் 'கூலி' என்று எழுதித் தந்தான். அவன் அப்பா எங்கள் பள்ளித் தெருவில் தினமும் குப்பை வண்டி தள்ளுகிறவர். ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டேன். பையன் பட்டம் வாங்கினான். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலை கேட்டுப் போனவனுக்கு, "இப்போதைக்கு இதுதான் காலியா இருக்கு" என்று அப்பாவின் வேலையையே காட்டினார்கள். வீட்டில் அம்மா, படிக்கும் தங்கை. சேர்ந்துவிட்டான்.

பட்டியல் இனத்தவருக்கான 18 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்று 2009-இல் தமிழக அரசு கொண்டுவந்த உள் ஒதுக்கீடு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் பெரும்பான்மைத் தீர்ப்பளித்துவிட்டது.

முதல் தலைமுறையில் ஒருவர் சம்பளம் வாங்கிவிட்டால் குடும்பமே கரையேறிவிட்டதாக நினைப்பது தவறு. தங்கையின் படிப்பும் அப்பா வைத்துவிட்டுப் போன கடனும் அந்த ஒரு சம்பளத்தில்தான். விற்க நிலமில்லை, கைதூக்கிவிடச் சொந்தத்தில் ஆளில்லை. நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வங்கி அதிகாரியாகவே இருந்தாலும், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வருகிறது. வீட்டுக்காரர் சாதி கேட்பதை நிறுத்தாதபோது, சான்றிதழை மட்டும் வேலைக்கு வந்தவர் ஏன் கைவிட வேண்டும்?

இந்த 3 விழுக்காட்டில் எந்தத் துறையில் எத்தனை இடங்கள் நிரப்பப்பட்டன என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தூய்மைப் பணியாளரின் பிள்ளை பட்டம் படித்திருந்தால், வாரிசு வேலையை அந்தப் படிப்புக்கு ஏற்ற பதவியில் தர வேண்டும்.

– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
ஈரோடு மாவட்டம்