அன்றிரவு பேர்னஸ் ஏன் நின்றது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உறைமழை பெய்து கரண்ட் போன இரவுக்குப் பிறகு, எங்களிடம் வாங்கிய ஒரு பேர்னஸைப் (வீட்டைச் சூடாக்கும் காஸ் இயந்திரம்) பற்றி வட்ஸ்அப்பில் ஒரு வொயிஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்காவது வந்திருக்கும். எனக்கே ஆறு பேர் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் ஒருவர் என் சொந்த மச்சான். "புதுசாய்ப் பூட்டி மூன்று மாதந்தான். காஸ் வருது, அடுப்பு எரியுது, பேர்னஸ் மட்டும் வேலை செய்யேல்லை. பழைய சாமானுக்குப் பெயின்ற் அடிச்சு வித்துப்போட்டாங்கள்" என்று அதில் ஒரு அக்கா சொல்கிறார். கடையின் பெயர் சொல்லவில்லை. ஆனால் "கோயிலுக்குக் கிட்ட இருக்கிற கடை" என்றால் ஸ்காபரோவில் யாருக்குத்தான் விளங்காது?

அந்த அக்காவோடு எனக்குக் கோபம் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதினான்கு மணித்தியாலம் குளிருக்குள் இருந்தவர் நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பெயின்ற் கதைக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

காஸ் வரும்போது வீடு ஏன் குளிர வேண்டும்? நியாயமான கேள்வி. அறைச் சூட்டைப் பார்க்கும் தேர்மோஸ்டாற் சொன்னவுடன் பேர்னஸில் முதலில் ஒரு சின்ன விசிறி சுழன்று உள்ளே கிடக்கும் புகையை வெளியே தள்ளும். அது ஒழுங்காகச் சுழல்கிறதா என்று ஒரு சுவிட்ச் பார்க்கும். அப்புறம் தீயைப் பற்றவைக்கும் இக்னைற்றர் செம்மஞ்சளாகச் சிவக்கும். அதன் பிறகுதான் காஸ் வால்வ் திறக்கும். தீ பிடித்துவிட்டதா என்று இன்னொரு கம்பி சரிபார்க்கும். அரை நிமிடம் போலக் கழித்துத்தான் பெரிய விசிறி சூட்டை அறைகளுக்கு அனுப்பும். இதில் ஒன்றுகூடக் கரண்ட் இல்லாமல் நடக்காது. காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் பற்றவைக்கலாம், பேர்னஸை அப்படிப் பற்றவைக்க ஏலாது. அக்காவின் பழைய பேர்னஸ் இருந்திருந்தால் அதுவும் அன்றிரவு நின்றிருக்கும், அதற்கும் விசிறி கரண்டில்தான்.

சரி, பெயின்ற் விஷயத்துக்கு வருகிறேன். 2010இலிருந்து கனடாவில் விற்பனைக்கு வரும் காஸ் பேர்னஸ் குறைந்தது 90 வீதத் திறன் உள்ளதாக இருக்க வேண்டும் என்பது சட்டம், 2019இலிருந்து அது 95 வீதம். அந்த வகையில் புகை அவ்வளவு சூடில்லாமல் வருவதால் பிளாஸ்ரிக் குழாயில் பக்கச் சுவரால் வெளியே விடுகிறோம். அக்காவின் பழைய பேர்னஸ் தகரக் குழாயால் புகைக்கூண்டுக்குப் போனது. இப்போது வீட்டின் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் நிற்கின்றன, தெருவில் நின்றாலே தெரியும். பெயின்ற் அடித்தால் குழாய் முளைக்குமா? கதவைக் கழற்றினால் உள்ளே தகட்டில் சீரியல் இலக்கம் இருக்கிறது. நாங்கள் விற்கும் மொடலில் முதல் நான்கு இலக்கங்கள் தயாரித்த கிழமையும் வருடமும். எங்களிடம் வாங்கிய எவரும் இன்றைக்கே போய்ப் பார்க்கலாம். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு பழைய சாமானைக்கூடப் புதியது என்று சொல்லி விற்றதில்லை. இதை எழுதவேண்டி வந்ததே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கரண்ட் திரும்பி வந்த பிறகும் அந்தப் பேர்னஸ் வேலை செய்யவில்லை என்பது உண்மை. அடுத்த நாள் காலமை நானே போனேன். கீழ்க் கதவைத் திறந்தவுடனேயே கருகல் மணம். பேர்னஸை இயக்கும் மின் போர்டின் ஒரு மூலையில் விரல் நகம் அளவுக்குக் கருப்புத் தடம். கரண்ட் விட்டு விட்டு வந்தபோது வோல்ற்றேஜ் ஏறி அடித்திருக்கிறது. இப்படியான சேதத்துக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் கிடையாது. கூலி எடுக்காமல், போர்டின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தோம். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: பழைய பேர்னஸ்கள் இந்த மாதிரி அடியைத் தாங்கும், புதியவற்றில் இருக்கிற போர்டும் மோட்டரும் நுணுக்கமானவை. வோல்ற்றேஜ் ஏறி அடிப்பதைத் தடுக்க மின்பெட்டியில் சேர்ஜ் புரொடெக்ற்றர் போடுங்கள் என்று விற்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

நிலத்துக்கு அடியில் போகும் காஸ் குழாய்க்கு உறைமழை ஒன்றும் செய்யாது. சார்னியாப் பக்கம் டோன் என்ற இடத்தில் காஸ் எடுத்து முடிந்த நிலத்தடிப் பாறை அடுக்குகளுக்குள் கோடையிலேயே காஸைச் சேமித்து வைத்துவிடுகிறார்கள். எங்களைக் கவிழ்ப்பது மேலே போகும் கம்பிதான். இங்கே ஐம்பது, அறுபதுகளில் கட்டிய தெருக்கள் ஏராளம். மரக்கம்பங்கள், சில இடங்களில் வீட்டுக்குப் பின்வளவால் கம்பி, அதற்கு மேலே வீட்டோடு சேர்ந்து வளர்ந்த மேப்பிள் மரம். கொப்பில் அரை அங்குலம் ஐஸ் பிடித்தால் போதும். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் மின் இணைப்புகள் போனது நினைவிருக்கும். நத்தாருக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். 2025 மார்ச் கடைசியில் ஒரிலியா, பீற்றர்பரோப் பக்கம் பட்ட பாட்டையும் பார்த்தோம். ஊரில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஆட்கள்தான் நாங்கள். ஆனால் அங்கே இந்தக் குளிர் இல்லையே.

அக்ஸ்பிரிட்ஜ், போர்ட் பெரிப் பக்கம் புரோபேன் தாங்கி வைத்திருப்பவர்கள் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். 2019 நவம்பரில் ரயில் வேலைநிறுத்தம் எட்டு நாள்தான் நடந்தது, அதற்கே புரோபேனுக்கு என்ன தட்டுப்பாடு வந்தது! எண்ணெயோடு புரோபேனுக்கான மூலப்பொருளையும் சார்னியாவுக்குக் கொண்டுவரும் லைன் 5 என்ற குழாயும் 1953இல் போட்டது, அதைப் பற்றிய வழக்குகள் இன்னும் முடிந்தபாடில்லை.

கரண்ட் போனால் பார்பிக்யூ அடுப்பையோ ஜெனரேற்றரையோ வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஜெனரேற்றரை வீட்டு வயரிங்கில் பூட்டுவதென்றால் லைசன்ஸ் உள்ள எலக்ற்றீசியன் மாற்று சுவிட்ச் போட்டுத்தான் செய்ய வேண்டும். பைலற் என்ற சின்னத் தீ எப்போதும் எரியும் பழைய வகைக் காஸ் ஃபயர்பிளேஸ் இருந்தால் கழற்ற வேண்டாம், பெரும்பாலும் அது கரண்ட் இல்லாமலே எரியும். பனி கொட்டினால் அந்த வெள்ளைக் குழாய்களின் வாயைத் துப்புரவாக்கி விடுங்கள். எங்களுக்கு வரும் "பேர்னஸ் வேலை செய்யேல்லை" அழைப்புகளில் எத்தனையோ அங்கேதான் முடிகின்றன.

அக்கா அன்றிரவு எங்களுக்கு நாலு தரம் போன் எடுத்தார், நாங்கள் பதில் சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்த எங்கள் "தாடித் தம்பி" பதினொரு வருடத்துக்குப் பிறகு பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், நான் தடுக்கவில்லை. புதிதாக வந்த தம்பி கெட்டிக்காரர், ஆனால் காஸ் வேலைக்கான முதல் படியான ஜி3 லைசன்ஸ்தான். ஜி2 அல்லது அதற்கு மேல் உள்ள ஒருவர் மேற்பார்க்காமல் அவரைக் காஸ் வேலைக்கு விட முடியாது. மிஞ்சியது நானும் இன்னொருவரும். அன்றிரவு மட்டும் எங்களுக்கு நாற்பதுக்கு மேல் அழைப்புகள்.

இத்தனைக்குப் பிறகும் "அண்ணை, உங்களைத் தெரியும்" என்று ஒரு வரி அனுப்பியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? 2013இல் ஒரு வீட்டு பேஸ்மென்றில் நான் வேலை செய்தபோது படியில் ஒரு அம்மா ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் பிளேன்ரீயும் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றார். அவர் இன்றைக்கும் எங்கள் வாடிக்கையாளர், இப்போது அவரின் பேத்தியும். உங்களைப் போன்றவர்களால்தான் இந்தக் கடை திறந்திருக்கிறது.

வருகிற மாதம் 1ஆம் திகதியிலிருந்து இரவு 9 மணிக்குப் பிறகு வரும் அழைப்புகள் வருடாந்தத் திட்டத்தில் அடங்காது, தனிக் கட்டணம் உண்டு. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கும் இதுவே.

அந்த அக்காவுக்கு ஒரு வார்த்தை: கழற்றிய போர்ட் கடை மேசையில்தான் இருக்கிறது. வந்து பாருங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
கடைக்காரர்