ஜாதிக்காய் எண்ணெய் கேட்ட மகனுக்கு

அன்புள்ள மக்களே,

தோள்வலிக்குத் தேய்க்க நம் தோட்டத்து ஜாதிக்காயில் எண்ணெய் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதிலேயே இரண்டு துளியைப் பாலில் விட்டுக் குடிக்கலாம் என்று அறையில் கூட இருப்பவர் சொன்னதாகவும் சொன்னாய். போனில் பேசினால் ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தேய்க்கலாம், கொஞ்சமாக. குடிக்கக் கூடாது, ஒரு துளிகூட. சவுதியில் நீ இருக்கிற ஜுபைலுக்கு அனுப்பவும் முடியாது.

அனுப்புகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சவுதிக்குள் ஜாதிக்காயைக் கொட்டையாகவோ பொடியாகவோ கொண்டுபோகத் தடை இருக்கிறது. அதைப் போதைப் பொருளோடு சேர்த்துத்தான் அங்கே பார்க்கிறார்கள். மசாலாக் கலவையில் சிறு பங்காக இருந்தால்தான் அனுமதி. எண்ணெய் வேறு, கொட்டை வேறு என்று விமான நிலையத்தில் நின்று நீ விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். லீவு முடிந்து திரும்பிப் போகிற யாருடைய பெட்டியிலும் நான் அதை வைக்க மாட்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளையும் பிள்ளைதானே. உன் அம்மா ஜாதிப்பழத்தின் தோட்டில் (தொண்டில்) போட்டு வைத்திருக்கும் ஊறுகாயும் இங்கேயே இருக்கட்டும், வந்து சாப்பிடு.

போதை என்கிறார்களே, நாம் சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறோமே என்று உனக்குத் தோன்றும். அவர்கள் சும்மா சொல்லவில்லை. ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்று ஒரு சத்து இருக்கிறது. பாயசத்தில் ஒரு சிட்டிகை போட்டால் அது ஒன்றும் செய்யாது. ஒரு முழுக் கொட்டை அளவு, அதாவது நாலைந்து கிராம் உள்ளே போனால் கதை வேறு. வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். அது உடனே வருவதும் இல்லை. சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சாப்பிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தெளிய ஒரு நாளுக்கு மேலேயும் ஆகும். உயரத்தில் கம்பி கட்டி நின்று வெல்டிங் செய்கிற உனக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எண்ணெயில் இந்தச் சத்தெல்லாம் சுருங்கி நிற்கிறது. நூறு கிராம் காய்ந்த ஜாதிப் பருப்பிலிருந்து சுமார் பத்து கிராம் எண்ணெய் கிடைக்கும், பருப்பின் தரத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். அப்படியானால் கடையில் விற்கிற 10 மில்லி சீசாவுக்குள் ஏறக்குறைய இருபது கொட்டைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள். பத்துத் துளி உள்ளே போனால் ஒரு கொட்டையை முழுசாகத் தின்ற கணக்கு. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், சீசாவைச் சாய்த்தால் இரண்டு துளி விழுகிறதா பன்னிரண்டு துளி விழுகிறதா என்று யார் எண்ணப் போகிறார்கள்? சாஃப்ரோல் என்று இன்னொன்றும் அதில் சிறிதளவு உண்டு. அதை நிறையக் கொடுத்தபோது எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது என்று கண்டுபிடித்து, 1960லேயே அமெரிக்காவில் உணவில் தனியாகச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் பானத்துக்கும் மிட்டாய்க்கும் வாசனைக்காக ஜாதி எண்ணெயைச் சேர்ப்பது உண்மைதான். அங்கே அளவைக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். அறையில் டம்ளரை வைத்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல அது.

தூக்கத்துக்கு ஜாதிக்காய் நல்லது என்று ஆச்சி காலத்திலிருந்தே சொல்வார்கள். சூடான பாலில், கல்லில் இரண்டு உரசு உரசிய கொட்டையின் விழுதைக் கலந்து கொடுப்பார்கள். மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் மயக்கம் தருவது தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் அப்படி உறுதியாக நிரூபித்த ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. நீ லீவில் வரும்போது அந்த இரண்டு உரசு பால் அம்மா தருவாள். எண்ணெயை முகர்ந்தால் மனசு லேசாகும் என்பதில் எனக்கும் அனுபவம் உண்டு. மரமும் மிளகும் கலந்த மாதிரி, லேசான இனிப்போடு நல்ல மணம். முகர்வதற்குக் கைக்குட்டையில் ஒரு துளி தாராளம். ஆனால் தூக்க மாத்திரையோ மனச்சோர்வுக்கான மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜாதிக்காயை மருந்தாக எடுக்கவே கூடாது. உன் அறைக்காரருக்கும் இதைச் சொல்.

இனி தோள்வலி. ஜாதி எண்ணெயைத் தோலில் தேய்த்தால் சூடு ஏறும். அந்த இடத்தில் ரத்தம் ஓடுகிற உணர்வு வரும், வலியிலிருந்து கவனம் மாறும். தேய்க்கிற கையின் அழுத்தமே பாதி மருந்து. உன் அம்மாவின் முழங்காலுக்கு நான் தேய்த்து விடுகிறேன், ராத்திரி சுகமாகத் தூங்குகிறாள். இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டேன். சர்க்கரை நோயால் வரும் நரம்பு எரிச்சலுக்கு ஜாதி எண்ணெயைக் கலந்த மருந்தையும், ஜாதி மட்டும் இல்லாத அதே மருந்தையும் இரண்டு கூட்டத்தாருக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் வலி ஒரே மாதிரிதான் குறைந்தது. அதனால் எண்ணெய் தேய்த்தால் மூட்டுத் தேய்மானம் சரியாகும், நரம்பு சரியாகும் என்று யாராவது வீடியோவில் சொன்னால் நம்பாதே. உழைத்த தசைக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

லீவில் வரும்போது எப்படித் தேய்ப்பது என்று காட்டித் தருகிறேன். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். வெறும் எண்ணெயை நேராகத் தோலில் வைக்கவே கூடாது, எரியும், கொப்புளிக்கும். இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ஜாதி எண்ணெய் ஒரு துளி. அதற்கு மேல் வேண்டாம். முதல் நாள் முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி விட்டுவிட வேண்டும். மறுநாள் சிவப்போ அரிப்போ இல்லாவிட்டால்தான் தோளுக்கு. கண் பக்கம், வெட்டுக்காயம் பக்கம் போகக் கூடாது. அங்கே இப்போதைக்கு விக்ஸே போதும் உனக்கு. டப்பாவின் பின்பக்கம் படித்துப் பார், கற்பூரம், புதினா உப்பு, நீலகிரித் தைலம் இவற்றோடு ஜாதிபலத் தைலம் என்றும் போட்டிருக்கும். நீ கேட்ட எண்ணெய் அதில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது, அளந்து போட்டதும்கூட.

நம் வீட்டில் எண்ணெய் எடுக்க முடியுமா என்றும் கேட்டாய். முடியாது, மக்களே. தேங்காயை ஆட்டுவது போல ஜாதியை ஆட்டினால் வருவது கொழுப்பு. ஜாதி வெண்ணெய் என்பார்கள். மஞ்சளும் பழுப்புமாக, கட்டியாக நிற்கும். வாசனைத் தைலம் வேண்டுமானால் உடைத்த பருப்புக்குள் நீராவியைப் பல மணி நேரம் விட்டு, ஆவியைக் குளிரவைத்து, தண்ணீர் மேல் மிதப்பதைப் பிரித்து எடுக்க வேண்டும். தண்ணீர் போல மெலிதாக, நிறமே இல்லாமல் அல்லது வெளிறிய மஞ்சளில் இருக்கும். இதற்கு நல்ல கொட்டையை யாரும் கொடுப்பதில்லை. சுருங்கியதும் உடைந்ததும் பூச்சி அரித்ததும்தான் போகும். பூச்சி மாவையும் கொழுப்பையும் தின்றுவிட்டு வாசனையை விட்டுவைக்கும், அதனால் எடைக்கு எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும். குலசேகரத்தில் நாம் கொடுக்கிற கடைக்காரர் நம் கழிவுப் பருப்பை எடுத்துக்கொண்டு எண்ணெய் வடிக்கிற இடத்துக்கு அனுப்புகிறார். அவர் மூலமாகத்தான் அம்மாவுக்கு ஒரு சின்ன சீசா வாங்கினேன்.

வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் அதிகம். ஜாதி எண்ணெயில் இருக்கிற பைனீன் என்ற சத்துதான் டர்பன்டைனிலும் இருக்கிறது. அதனால் டர்பன்டைனைக் கலந்தால் மூக்கு சட்டென்று கண்டுபிடிக்காது. இன்னும் சிலர் நல்லெண்ணெயில் ஜாதிக்காயைப் போட்டுக் காய்ச்சிவிட்டு ஜாதிக்காய் எண்ணெய் என்று விற்கிறார்கள். அது கெடுதல் இல்லை, ஆனால் தைலத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுப் பார். நல்ல தைலம் பறந்து போகும், பிசுக்கு நிற்காது. சமையல் எண்ணெய் சேர்ந்திருந்தால் கறை தங்கும். டர்பன்டைனை இந்தச் சோதனை பிடிக்காது, அதற்கு ஆய்வகம்தான். கரும்பழுப்புக் கண்ணாடி சீசாவில், வெயில் படாமல், மூடியை இறுக்கி வைக்க வேண்டும். நாள்பட்டுக் காற்று பட்டது தோலை அரிக்கும், தூரப் போட்டுவிட வேண்டியதுதான்.

முக்கியமான ஒன்று இருக்கிறது. மருமகளுக்கு இடுப்பு வலிக்கிறது, அவளுக்கும் அதைத் தேய்க்கச் சொல்லுங்கள் என்று சொன்னாய். தேய்க்கவில்லை. தேய்க்கவும் விட மாட்டேன். அவள் வயிற்றில் இருப்பது நம் பேரப்பிள்ளை. கர்ப்பத்தில் ஜாதிக்காய் அதிகமாகக் கூடாது என்று நம் ஊர்ப் பழைய ஆட்களும் சொல்வார்கள், டாக்டர்களும் இந்த எண்ணெயைத் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள். அவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம், மாதாமாதம் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறோம், கவலைப்படாதே. குழந்தை பிறந்த பிறகு உரமருந்துப் பேச்சு வரும். வசம்பு, மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய் என்று கல்லில் உரசி நாக்கில் வைக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். உனக்கும் வைத்தார்கள். இப்போது ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்கிறார்கள். நானும் அதைத்தான் ஒத்துக்கொள்கிறேன். பச்சைக் குழந்தைக்கு எது சிட்டிகை, எது அதிகம் என்று யாரால் அளக்க முடியும்? உன் அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். நான் பேசிக்கொள்கிறேன். எண்ணெய் சீசா குழந்தைக்கு எட்டாத அலமாரியில் பூட்டில்தான் இருக்கும்.

பல்வலிக்கும் ஜாதி எண்ணெய் ஆகும் என்று எங்கோ படித்தாயாம். அதற்குக் கிராம்பு இருக்கும்போது இது எதற்கு? மரமலைப் பக்கத்துக் கிராம்பு மணத்துக்குப் பேர் போனது. கன்னியாகுமரி கிராம்பு என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. பல்வலிக்குத் தேவையான யூஜினால் அதில்தான் நிறைய. ஜாதியில் இருப்பது பேருக்குத்தான்.

தோட்டத்தைப் பற்றிக் கேட்டாய். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் சாய்த்த இடத்தில் வைத்த ஒட்டு மரங்கள் இப்போது நன்றாகக் காய்க்கின்றன. ஒட்டுக்கன்று வைத்ததே நல்லது. விதையில் முளைத்தால் ஆணா பெண்ணா என்று பூக்கிற வரை ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும், பாதிக்குப் பாதி ஆணாகப் போனாலும் போகும். கரீபியனில் கிரெனடா என்று ஒரு குட்டித் தீவு, கொடியிலேயே ஜாதிக்காய் போட்ட நாடு. 2004இல் ஐவன் புயல் அங்கே பெரும்பாலான ஜாதி மரங்களை அழித்துவிட்டது, பழைய விளைச்சலுக்குத் திரும்ப அந்த ஜனங்கள் வருஷக்கணக்கில் பாடுபட்டார்கள். அதைப் படித்தபோது என்னவோ நம் சுருளகோட்டுக்காரர்களின் செய்தி மாதிரியே இருந்தது. இந்த முறை சாரல் விடவே இல்லை. கொட்டையைச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியைச் சிவப்பு மாறாமல் காயவைக்க அம்மா படாத பாடு பட்டாள். கொட்டையை அடுப்புக்கு மேல் பரணில் வைத்துப் புகைச்சூட்டில் காயவைத்தோம், சூடு கூடினால் உள்ளே கொழுப்பு உருகிவிடும் என்பதால் ராத்திரியும் எழுந்து பார்க்க வேண்டியிருந்தது. குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று ஆடுகிற பதம் வந்த பிறகுதான் சாக்கில் கட்டினோம். பூஞ்சை பிடித்ததை ஒன்றுகூட வீட்டுக்கென்று எடுக்கவில்லை. அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், ஈரலுக்குக் கேடு. பாலுக்கு உரசுகிற கொட்டை கனமாக, ஓட்டை இல்லாமல், பூசணம் இல்லாமல் இருக்க வேண்டும்.

தோள்வலி இத்தனை நாளாக இருக்கிறது என்றால் எண்ணெயோடு விடுகிற விஷயம் அல்ல அது. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது வலிக்கிறதா, ராத்திரி அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறதா, விரல் மரத்துப் போகிறதா என்று கவனி. கம்பெனி கிளினிக்கில் இதையெல்லாம் சொல்லி, எலும்பு டாக்டரிடம் காட்ட எழுதி வாங்கு. ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து டீ குடிப்பதைக் குறைத்தால் தூக்கமும் கொஞ்சம் தேவலாம் என்று நினைக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் பண்ணு. அறைக்காரரிடம் சீசா இருந்தால் அதன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு, என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா
சுருளகோடு