சிவப்பு வட்டம் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயற்கைக்கோள் படம் ஒன்றை எடுத்து, மூலையில் சிவப்பு வட்டம் போட்டு, "இதோ புதிய ஏவுகணைத் தளம்" என்று பதிவிடும் நண்பர்களுக்கும், அந்தப் பதிவை அப்படியே தூக்கி இரவுச் செய்தியில் ஓட்டும் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

திட்டுவதற்காக எழுதவில்லை. நானும் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவன்தான், உங்கள் தப்பை உங்களுக்கு முன்பே செய்தவன். ஒரு பாலைவனப் படத்தில் வரிசையாக மேடுகள் தெரிந்தன. மண் மூடிய பதுங்கறைகள் என்று நண்பர்கள் குழுவில் அடித்துச் சொன்னேன். ஒருவர் வாதத்துக்கே வராமல், "படத்தைத் தலைகீழா திருப்பிப் பாருங்க" என்று மட்டும் எழுதினார். திருப்பினேன். அத்தனை மேடும் பள்ளமாகிவிட்டது! பூமியின் வடபாதியில் வெயில் பெரும்பாலும் தெற்கிலிருந்து விழும், அதனால் நிழல் படத்தில் மேல்பக்கமாகச் சாயும். நம் கண்ணோ வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று நம்பிப் பழகியது, ஆகவே குழியை மேடு என்று நினைத்துக்கொள்கிறது. இதையே தொழிலாகச் செய்பவர்கள் நிழல் தங்களைப் பார்த்து விழும்படி படத்தை வைத்துக்கொள்வார்களாம், அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் வட்டம் சரியான இடத்தில்தான் இருந்தது. உள்ளே இருந்ததுதான் வேறு.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கண்ணால் பார்த்தது எது, நீங்களாக ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். வட்டம் போட்டதும் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

இந்தப் பேச்சு வந்தாலே "கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை அமெரிக்கர்கள் படத்தை வைத்துத்தானே கண்டுபிடித்தார்கள்" என்பீர்கள். சரி, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்போம். 1962 அக்டோபர் 14 அன்று மேஜர் ரிச்சர்ட் ஹெய்சர் ஓட்டிய யு-2 என்ற அமெரிக்க உளவு விமானம், 70,000 அடிக்கும் மேலே பறந்து, சில நிமிடங்களில் மேற்குக் கியூபாவைக் கடந்து 928 படங்களோடு திரும்பியது. மறுநாள் அந்தப் படச்சுருள் வாஷிங்டனில் ஆர்தர் லண்டால் தலைமையில் இருந்த படவிளக்க மையத்துக்குப் போனது. மையம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள், கார் ஷோரூம் இருந்த ஒரு கட்டடத்தின் மேல்மாடிகள்தான். அங்கே விளக்குமேசை மேல் படச்சுருளை விரித்து, ஒரே இடத்தை இரு கோணத்தில் காட்டும் அடுத்தடுத்த படங்களை, மேடு பள்ளம் தெரியும்படி இரண்டையும் சேர்த்துக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவி வழியாகப் பார்த்தார்கள். சான் கிறிஸ்டோபல் பக்கம் மரங்களுக்கு நடுவே கூடாரங்கள், லாரிகள், அப்புறம் தார்ப்பாய் போர்த்திய நீளமான சில பொருட்கள். அவ்வளவுதான் தெரிந்தது. "ஏவுகணை" என்று எதன் மேலும் எழுதியிருக்கவில்லை.

அவர்கள் செய்தது அளந்ததுதான். நீளம் 65 அடிக்கு மேல் வந்தது. விமானத்தைச் சுடும் வான்காப்பு ஏவுகணை அவ்வளவு நீளம் இருக்காது. மாஸ்கோ அணிவகுப்பில் எடுத்த படங்கள் கைவசம் இருந்தன. சோவியத் ராணுவ உளவுத்துறையில் இருந்துகொண்டே மேற்கு நாடுகளுக்கு ரகசியம் கொடுத்த ஒலெக் பென்கோவ்ஸ்கி மூலம் வந்த ஏவுகணைக் கையேடுகளும் இருந்தன. அளவு அமெரிக்கர்கள் எஸ்எஸ்-4 என்று அழைத்த ஆர்-12 வகையோடு ஒத்துப்போனது. 16ஆம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடி, இது நடுத்தர தூர ஏவுகணை என்று எப்படித் தெரியும் என்று கேட்டபோது லண்டால் சொன்ன பதில், நீளம். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை கோப்பு இருந்தது பாருங்கள். உங்கள் வட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அவ்வளவு கெட்டிக்காரர்களுக்கும் தெரியாமல் போனவை உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஆகஸ்ட் 29 படங்களிலேயே எஸ்ஏ-2 என்ற சோவியத் வான்காப்பு ஏவுகணையின் தளங்கள் பிடிபட்டுவிட்டன. நடுவில் ரேடார், சுற்றி ஆறு ஏவிகள், மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். ஆனால் அதே எஸ்ஏ-2 விமானத்தைச் சுட்டுவிடுமோ என்ற பயத்தில், செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் மேற்குக் கியூபாவுக்கு மேலே விமானம் போகவே இல்லை. ஏவுகணைகள் வந்திறங்கியது அந்த இடைவெளியில்தான். (அந்தப் பயம் வீண்பயமும் இல்லை, அக்டோபர் 27 அன்று மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சனின் யு-2வை வீழ்த்தியது எஸ்ஏ-2தான்.) கென்னடியின் 16ஆம் தேதிக் கூட்டத்தில் வேலியைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. வேலி இல்லாத வெட்டவெளியில் அணுகுண்டை வைப்பார்களா, ஆகவே ஏவுகணைத் தலையில் பொருத்தும் அணுகுண்டுகள் இன்னும் வரவில்லை போலும் என்ற ரீதியில் பேச்சு போனது. உண்மையில் இந்திகிர்கா என்ற கப்பல் அக்டோபர் 4 அன்றே அவற்றை மரியேல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்திருந்தது. தீவில் இருந்த சோவியத் படையினர் சுமார் 42,000 பேர். அன்றைய கணக்கோ பத்தாயிரத்தை ஒட்டி நின்றது. தார்ப்பாய்க்குள் இருப்பதை அளந்தவர்களால் கட்டடத்துக்குள் இருப்பதை அளக்க முடியவில்லை.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த காட்சி, அக்டோபர் 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் படங்களை நிறுத்திவைத்துக் காட்டியது. அதே ஸ்டீவன்சன் 1961 ஏப்ரல் 15 அன்று அதே ஐ.நா.வில் இன்னொரு படத்தைக் காட்டினார். கியூப விமானப்படைச் சின்னம் போட்ட பி-26 குண்டுவீச்சு விமானம், கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை விட்டு ஓடிவந்தவர்கள் ஓட்டியது என்றார். அது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ வண்ணம் பூசி அனுப்பிய விமானம், அவரிடமே உண்மையைச் சொல்லவில்லை. கியூபாவின் பி-26களுக்கு முன்பக்க மூக்கு உள்ளே தெரியும்படி ஒளி ஊடுருவுவதாக இருக்கும், படத்தில் இருந்ததற்கு உலோக மூக்கு. மூக்கைப் பார்த்தவனுக்கு விஷயம் புரிந்திருக்கும், சின்னத்தை மட்டும் பார்த்தவன் ஏமாந்திருப்பான்.

2003 பிப்ரவரி 5 பற்றி நீட்ட வேண்டாம். அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் ஈராக்கின் தாஜி ஆயுதக் கிடங்கைக் காட்டியபோது 15 பதுங்கறைகளுக்கு மஞ்சளும் சிவப்புமாகக் கட்டம் கட்டியிருந்தார்கள், சிவப்பு நான்கில் ரசாயன ஆயுதம் என்றார்கள். பக்கத்தில் நின்ற லாரி ஓர் அடையாளம், நச்சு கழுவும் வண்டியாம். ஈராக் மீது படையெடுத்த பிறகு தேடியதில் அவர் சொன்ன ஆயுத இருப்பு கிடைக்கவில்லை.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், அதுவும் உங்களைப் போல அரசுக்கு வெளியே இருந்துகொண்டே. 2021இல் சீனாவின் கான்சு மாகாணத்தில் யூமென் பக்கம் ஏவுகணையை நிறுத்திவைக்கும் குழிகள் போலத் தெரிந்த 119 கட்டுமான இடங்களைக் கண்டுபிடித்தது அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வணிகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து. இடத்துக்கு இடம் சுமார் 3 கிலோமீட்டர், கட்டம் போட்ட மாதிரி ஒழுங்கு, குழிகளுக்கு மேலே காற்றடைத்த கூடாரம். காற்றாலைக்குத் தோண்டிய குழிதான் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஆனால் அதே மாதிரிக் கூடாரம் சீனாவின் ஜிலன்டாய் ஏவுகணைப் பயிற்சித் தளத்தில் முன்பே பார்த்த ஒன்று, அதோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். குழி எத்தனை என்று எண்ணிச் சொன்னார்கள்; அத்தனைக்கும் ஏவுகணை உண்டு என்று சொல்லவில்லை, பல குழிகள் காலியாகவே இருக்கலாம் என்றார்கள். எனக்கு இந்தக் கடைசி வரிதான் பிடித்தது.

ஆகவே என் கோரிக்கை. படம் எடுத்த தேதி போடுங்கள், நேரமும் தெரிந்தால் போடுங்கள், நிழல் நீளத்தை வைத்து உயரம் கணக்கிட அது வேண்டும். வட்டம் போடாத முழுப் படத்தையும் கூடவே கொடுங்கள், வெட்டிய துண்டை மட்டும் கொடுத்தால் பக்கத்தில் சிமென்ட் ஆலை இருக்கிறதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதே இடத்தின் ஆறு மாதத்துக்கு முந்தைய படம் இருந்தால் அதையும் சேருங்கள். அப்புறம், இது ஏவுதளம் இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கலாம் என்று ஒரே ஒரு வரி. செய்தி ஆசிரியர்களே, அந்த வரியைத்தான் நீங்கள் முதலில் வெட்டுவீர்கள், தயவுசெய்து விட்டுவையுங்கள்.

அடுத்த படம் போடும்போது என்னையும் கூப்பிடுங்கள். முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.