சின்னவனின் நாக்கைப் பார்த்தவர்களுக்கு

அன்புடையீர் என்று ஆரம்பித்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். அதனால் நேராகவே வந்துவிடுகிறேன்.

வருகிற ஆவணியில் எங்கள் சின்னவனுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறோம். பத்திரிகை யார் யாருக்கு அனுப்பவேண்டும் என்று எழுத உட்கார்ந்தால், பாதிப் பேருக்கு முகவரி இல்லை. சிலருக்குப் பெயரே தெரியாது. 'ரத்தம் கொடுத்த தம்பி', 'ரயில் பிள்ளை', 'ஃப்ளாஸ்க் அக்கா' என்றுதான் என் நோட்டில் இருக்கிறது. பெயர் தெரிந்தவர்களோ, பெயரைப் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டீர்கள். படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்கள் ஊர் கிராம நர்ஸம்மாவுக்கு.

சின்னவன் பிறக்கும்போது 2 கிலோ 800. நன்றாக அழுதான், பால் குடித்தான், மூன்றாம் நாள் கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு மாதம் ஆனதும் விட்டுவிட்டுக் குடிக்க ஆரம்பித்தான். ஐந்து நிமிடம் குடிப்பதற்குள் நெற்றி வேர்த்துவிடும். வாயை எடுத்துவிட்டு அப்படியே தூங்கிப்போவான். அழுதால் உதடு கன்றும். ஒரு கிளினிக்கில் காட்டினோம். சளி என்று சொல்லி மூக்கில் புகை வைத்தார்கள். பத்து நாள் கழித்துப் போனோம், மறுபடியும் புகை. "உதடு ஒரு மாதிரி ஆகுது டாக்டர்" என்றேன். "பிள்ள கலரே அப்படித்தானம்மா" என்றார். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அவன் அவங்க அப்பா மாதிரி நல்ல கறுப்பு. கறுப்புப் பிள்ளைக்கு நீலம் பூத்தால் லேசில் தெரிவதில்லை. எனக்கே என் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பதினான்காம் வாரத் தடுப்பூசிக்கு அங்கன்வாடிக்குத் தூக்கி வந்தேன். ஊசி போட்டதும் வீறிட்டான். எல்லாப் பிள்ளையும்தான் வீறிடும். நீங்கள் அடுத்த பிள்ளையைக் கூப்பிடாமல் இவனையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள், நர்ஸம்மா. "ஏட்டி, வாசலுக்கு வா" என்று வெயில் விழுகிற படிக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். அழுகிற வாயை விரலால் பிளந்து நாக்கைப் பார்த்தீர்கள். அப்புறம் ஈறு. அப்புறம் அவன் கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்தில் உங்கள் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தீர்கள். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது அவனுக்கு. "தோலுல பாக்காதட்டி, நாக்குல பாரு. நீ சொன்னது சரிதான்" என்றீர்கள். அத்தனை நாளும் நான் சொன்னதைச் சரி என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

மறுநாளே ஆர்.பி.எஸ்.கே. டாக்டரம்மாவை வரவழைத்தது நீங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேனில் வந்து பிள்ளைகளைப் பார்க்கிற திட்டம் அது, 2013-இலிருந்து நடக்கிறதாம். எங்கள் மூத்தவளையும் ஒருமுறை அப்படித்தான் பார்த்தார்கள், நான்தான் பல்லையும் கண்ணையும் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு ஒரு விரலை உயர்த்தினார். அங்கன்வாடி டீச்சர் ஃபேனை நிறுத்தி, அத்தனை வாண்டுகளையும் வாயில் விரல் வைக்கச் சொன்னார். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நெஞ்சில் ஒரு 'உஸ்' சத்தம் கேட்கிறது என்று எழுதித் தூத்துக்குடிக்கு அனுப்பினார்.

தூத்துக்குடியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த டாக்டர் சாருக்கு அடுத்த நன்றி. விரலில் கிளிப் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் 97, 98 காட்டவேண்டிய இடத்தில் 79 காட்டியது. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் இதயத்தை நாலு அறை வீடு மாதிரி வரைந்தீர்கள். கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற வாசல் குறுகல். உடம்புக்குப் போகிற பெரிய குழாய் அந்த ஓட்டைக்கு மேலே நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. குறுகின வாசலில் தள்ளித் தள்ளி வலது கீழறைச் சுவர் தடித்துவிட்டது. இந்த நாலும் சேர்ந்ததற்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று பெயர். 1888-இல் எழுதிவைத்த பிரெஞ்சுக்காரர் பெயர் அது என்றீர்கள். வார்டில் எல்லாரும் டி.ஓ.எஃப். என்றுதான் சொல்கிறார்கள். கெட்ட ரத்தமும் நல்ல ரத்தமும் கலந்து போவதால்தான் நீலம்.

ஆனால் உங்களுக்கு நான் நன்றி சொல்வது படத்துக்காக இல்லை, சார். என் மாமியார் கூட வந்திருந்தார். "கிரகணத்தன்னைக்கு வெளிய போகாதன்னு சொன்னேன், கேட்டாளா" என்று உங்கள் முன்னாலேயே ஆரம்பித்தார். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் சொன்னீர்கள்: "பாட்டி, இதயம் உருவாகுறது முதல் எட்டு வாரத்துக்குள்ள. அப்ப இந்தப் பிள்ளைக்குத் தான் உண்டாயிருக்கோமான்னே சரியாத் தெரிஞ்சிருக்காது. நூறு பிள்ளைல ஒண்ணுக்கு ஏதாவது ஒரு இதயக் கோளாறு இருக்கத்தான் செய்யுது. இவ தின்னதும் காரணமில்ல, போனதும் காரணமில்ல." அதற்குப் பிறகு அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளையை அவரே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

காப்பீட்டுக் கதையை நீட்ட எனக்கு விருப்பமில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருடம் 1,20,000 ரூபாய்க்குள் வருமானம் என்று சான்று வேண்டும். அட்டை இருந்தால் 5 லட்சம் வரை. ஒரு அலுவலகத்தில் மூன்று நாள் நடக்கவைத்தார்கள். எங்கள் வி.ஏ.ஓ. சாரோ பைக் சீட்டின்மேல் வைத்தே அறிக்கை எழுதி முடித்தார். சார், ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள்.

ஐந்தாம் மாதம் முதல் சென்னைப் பயணம். எடை 5 கிலோ 200. இந்த எடைக்கு முழு ஆபரேஷன் வேண்டாம், மருந்தில் ஓட்டிப் பார்க்கலாம், முடியாவிட்டால் குழாய் வைத்துச் சமாளிக்கலாம் என்றார்கள். அந்த வார்டில்தான் ஃப்ளாஸ்க் அக்கா. கள்ளக்குறிச்சிப் பக்கம் என்றீர்கள். உங்கள் மகளுக்கும் இதே நோய். திடீரென்று மூச்சு இரைத்துப் பிள்ளை நீலமாகிப்போகிற 'ஸ்பெல்' என்றால் என்ன, வந்தால் என்ன செய்யவேண்டும் என்று டாக்டர்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள், தலையாட்டியிருந்தேன். கை பழகியது உங்களிடம்தான். உங்கள் பிள்ளையைத் தோளில் சாய்த்து, இரண்டு முட்டியையும் மடக்கி அதன் நெஞ்சோடு அழுத்திக் காட்டினீர்கள். "நீ பதறுனா அது இன்னும் அழும், அழுதா இன்னும் நீலமாவும். வாய்க்குள்ளயே ஏதாச்சும் பாடிக்கிட்டே இரு." ராத்திரி வெந்நீருக்கு உங்கள் ஃப்ளாஸ்க்கைக் கொடுத்தீர்கள். விடிந்து பார்த்தால் உங்கள் கட்டில் காலி. அவசரமாக வேறு வார்டுக்கு மாற்றினார்கள் என்றார்கள். எங்கே என்று கேட்டு நான் அலைந்தேன், அதற்குள் எங்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு வந்துவிட்டது.

அடுத்த ஆறு மாதம் எங்கள் தெருவே சேர்ந்து வளர்த்தது. மாத்திரையைப் பொடித்து, அளவு பிரித்து, பொட்டலம் பொட்டலமாக மடித்துத் தந்த மருந்துக்கடை அண்ணன். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, ராத்திரி வேளைக்குச் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துத் தருவார். வாரம் தவறாமல் எடை போட்டு, ஐம்பது கிராம் கூடினாலும் என் நோட்டில் நட்சத்திரம் போட்ட அங்கன்வாடி டீச்சர். வயிற்றால் போனபோது உடம்பில் நீர் வற்றினால் ஸ்பெல் வரும் என்று பதறி, உப்புக் கரைசலோடு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்த நர்ஸம்மா. மூத்தவளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பிய மதினி. கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரை, நாங்கள் கேட்காமலேயே எங்கள் வீட்டுப் பக்கமிருந்து கண்மாய்ப் பக்கம் திருப்பிக் கட்டிய பையன்கள். அந்த வருஷம் மீன்களுக்குத்தான் நல்ல பாட்டு.

பதினோராம் மாதம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினோம். விருத்தாசலம் தாண்டியிருக்கும், சின்னவன் பசித்து எழுந்தான். பால் வாங்குவதற்குள் அழுகை ஏறிவிட்டது. மூச்சு இரைக்கிறது, உதடு மை மாதிரி ஆகிறது, அவர் மேல் பெர்த்தில் தூங்குகிறார், எனக்குக் குரல் வரவில்லை. முட்டியை மடக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடித்தேன். எதிர் பெர்த்திலிருந்த கல்லூரிப் பிள்ளை இறங்கி வந்தாள். தண்ணீர் கொடுங்கள், தட்டிக்கொடுங்கள் என்று பெட்டியே ஆளுக்கொன்று சொல்லும்போது அவள் மட்டும், "அக்கா, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். நாக்கைப் பார்த்துச் சொல்லு என்றேன். செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நீலம்தான் அக்கா... இன்னும் நீலம்தான்... இப்ப கொஞ்சம் தேவலை அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய் நீ. அவ்வளவு நேரமும் நான் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தேன். என்ன பாட்டு என்று இப்போதும் நினைவில்லை. விழுப்புரத்தில் வண்டி நின்றபோது அவன் தூங்கியிருந்தான். நீ தாம்பரத்தில் இறங்கிப்போய்விட்டாய். பெயர் கேட்கவில்லை, மன்னித்துக்கொள்.

ரத்தம் பி நெகட்டிவ். அதிலும் புதிதாக எடுத்தது வேண்டும் என்றார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைச் சட்டையோடு வந்த தம்பி, உன்னை மறக்க முடியாது. ஊசி குத்தியிருக்கும்போதே உன் போனில் ஆர்டர் வந்து அடித்துக்கொண்டே இருந்தது. "இன்னைக்கு இதான் ஆர்டர்" என்று அணைத்துப் போட்டாய். முடிந்ததும் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டைத் தின்றுவிட்டு, உரிமையாக இன்னொன்று கேட்டு வாங்கினாய். எங்கள் வீட்டுக்காரர் அன்று முழுக்கச் சிரித்தது அதற்கு ஒன்றுக்குத்தான்.

ஆபரேஷன் ஆறரை மணி நேரம். இதயத்தை நிறுத்திவிட்டு மெஷினில் ரத்தத்தை ஓட்டி, ஓட்டைக்கு ஒட்டுப்போட்டு, வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்கள். செய்த டாக்டர் ஐயாவுக்கு நான் என்ன எழுதுவது? வெளியே வந்து "பையன் நல்லாருக்கான்" என்று இரண்டு வார்த்தை சொன்னார், தண்ணீர் குடித்தார், அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

அன்றிரவு எங்கள் வீட்டுக்காரர் தூங்கவில்லை. ஐ.சி.யு. வாசலில் அவரோடு உட்கார்ந்து பேசிய சின்ன டாக்டர் தம்பிக்கு அவர் சார்பில் எழுதுகிறேன். என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். மரவேலை என்றிருக்கிறார். உடனே நீங்கள் விவியன் தாமஸ் கதையைச் சொன்னீர்களாம். அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர், தச்சருடைய மகன், தானும் தச்சுவேலை பார்த்தவர். டாக்டருக்குப் படிக்கச் சேர்த்த பணம் பேங்க் திவாலில் போய்விட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தார், சம்பளக் கணக்கில் கூட்டிப் பெருக்குகிற ஆள். நீலப் பிள்ளைகளுக்குக் கைக்குப் போகிற ரத்தக் குழாயைத் திருப்பி நுரையீரல் குழாயில் தைக்கிற வித்தையை நாய்களில் செய்து செய்து பழகியவர் அவர். 1944 நவம்பர் 29-ஆம் தேதி, பால்டிமோரில், பதினைந்து மாதப் பெண் குழந்தைக்கு டாக்டர் பிளாலாக் முதல்முதலாக அதைச் செய்தபோது, பின்னால் ஸ்டூல்மேல் நின்று எப்படித் தைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அவ்வளவு சின்ன ஊசி அப்போது கிடையாது. இருந்ததை அவரே வெட்டித் தீட்டினாராம். எங்கள் பையனுக்கு நடந்தது அந்த ஆபரேஷன் இல்லை. ஆனாலும் இவருக்கு அந்த ஊசி போதும். ஊருக்கு வந்து உளி தீட்டும்போதெல்லாம் இந்தக் கதைதான், கேட்கிறவர்கள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐ.சி.யு. சிஸ்டர், நீங்கள் மலையாளம் கலந்து பேசுவீர்கள். இரண்டாம் நாள் என்னை உள்ளே விட்டபோது உடம்பெல்லாம் குழாயும் வயருமாகக் கிடந்தான். எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் போர்வையை விலக்கிக் கால் பெருவிரலை மட்டும் என் கையில் வைத்தீர்கள். நகம் ரோஜா நிறத்தில் இருந்தது. யாருடைய பிள்ளையோ என்று ஒரு நொடி திடுக்கிட்டுவிட்டேன். அவனுக்கு அப்படி ஒரு நிறம் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நான் சத்தமாக அழுததற்கு நீங்கள் திட்டவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்காதே, கழுத்துக்கும் இடுப்புக்கும் அடியில் கையை விட்டு அள்ளு என்று நீங்கள் எழுதிக்கொடுத்த சீட்டு, ஆறு வாரமும் எங்கள் தொட்டில் கயிற்றில் தொங்கியது.

இப்போது ஒன்றே முக்கால் வயது. 10 கிலோ 100. ஓடுகிறான், கடிக்கிறான், அக்காவின் ரிப்பனைத் தின்கிறான். நுரையீரல் வாசலில் கொஞ்சம் கசிவு இருக்கிறது. வருடா வருடம் எக்கோ எடுக்கவேண்டும், பெரியவனானபின் ஒரு வால்வு தேவைப்பட்டாலும் படும் என்று சொல்லியிருக்கிறார்கள். அழுதால் இன்னும் என் கை தானாக அவன் வாயைப் பிளந்து நாக்கைப் பார்க்கிறது. அவனே இப்போது என்னைக் கண்டதும் நாக்கை நீட்டிக் காட்டப் பழகிவிட்டான். வீட்டுக்கு வருகிறவர்கள் மரியாதை தெரியாத பயல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காது குத்துக்கு எல்லாரும் வரவேண்டும். ஆட்டுக்கறிச் சாப்பாடு. ரத்தம் கொடுத்த தம்பிக்குப் பிஸ்கட் தனியாக எடுத்துவைப்போம்.

அக்கா, உங்கள் மகள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவேண்டும். எதுவாக இருந்தாலும் தெரியவேண்டும். பச்சைக் கலர் ஃப்ளாஸ்க், பிடியில் மஞ்சள் நூல் சுற்றியது, எங்களிடம்தான் இருக்கிறது. மூடி உடைந்துவிட்டது, அவர் மரத்தில் ஒன்று கடைந்து போட்டிருக்கிறார்.